இருட்டுத் தட்டுப்பாடு

விதை கறுப்பு. உலர்ந்த சுளை மாதிரி மூணு மூலை.
நகவெட்டியின் அரத்தில் ஒரு பக்கம் தேய்த்து
டீ கிளாஸில் ஓர் இரவு ஊறப்போட்டேன்.
காலையில் ஐந்து பருத்திருந்தன.
இரண்டு அசையவில்லை,
மனுவைத் திருப்பியும் பார்க்காத
தாசில்தார் மாதிரி.

நீடாமங்கலம், ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்,
வாடகை வீடு. கிரிலில் சணல் கயிறு கட்டினேன்.
ஆனியில் முளைத்தது.
ஆவணியில் மாடிக் கைப்பிடியைத் தொட்டது.
அதற்கு மேல் பற்ற ஒன்றுமில்லாமல்
தன்னையே சுற்றிக்கொண்டது.
இலை. இலை. மேலும் இலை.

முதல் தப்பு என்னுடையது.
கூட்டுறவுச் சங்கத்தில் உர மூட்டைக்கு பில் எழுதுகிறவன் நான்.
கிழிந்த மூட்டை சிந்தியதைக் கைக்குட்டையில் முடிந்துவந்து
தூரில் போட்டேன், குறுவைக்குப் போடுகிற கணக்கில்.
"யூரியா தூக்கிடுச்சு, பயிரு கறுகறுன்னு நிக்குது,
கதிரைக் காணோம்" என்று
கவுன்டரில் தினம் நாலு பேர் சொல்வார்கள்.
தலையாட்டிக்கொண்டே அடுத்த பில் போடுவேன்.

நிறுத்தினேன்.
விரலை மண்ணில் விட்டுப் பார்த்துத்தான் தண்ணீர்.
செம்பேன் வந்தபோது இலையின் அடிவயிற்றில்
வேப்பெண்ணெயும் சோப்பும்.
கொடி ஆரோக்கியமாக இருந்தது,
பூக்காமல்.

எதிர்வீட்டு பிலோமினா மன்னார்குடி ஆஸ்பத்திரியில் நர்ஸ்.
"வாய்க்கால்ல மண்டுதே நெய்வேலிக் காட்டாமணக்கு,
அதோட தம்பியா சார் இது?"
தம்பிதான்.
வள்ளைக்கீரை, சர்க்கரைவள்ளி,
வேதாரண்யம் மணலில் படரும் அடப்பங்கொடி
எல்லாம் ஒரே வகையறா.
இது மட்டும் காலை பத்து மணிக்கு மேல்
யாருக்கும் முகம் காட்டாது என்று கேள்வி.
பார்த்ததில்லை.

புரட்டாசியில் ஒருநாள்
மோட்டார் ஓடவில்லையென்று பின்பக்கம் போனேன்.
தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவே
ஒரே ஓர் இழை திருட்டுத்தனமாக நுழைந்திருந்தது.
அதில் ஒரு பூ.
நீலம். நடுவில் விளக்குப் போட்ட மாதிரி வெள்ளை.

விளக்கு!
வாசலில் பேரூராட்சி நட்ட புதுக் கம்பம்,
விடிய விடிய எரிகிற எல்இடி.
கொடிக்கு நான் எல்லாம் கொடுத்திருந்தேன்,
ராத்திரியைத் தவிர.

ஐப்பசி மழையில் அந்த விளக்கு தானாகவே செத்தது.
இந்தத் தெருவுக்குப் புகார் எழுதுகிறவன் நான்.
"கொடுத்தீங்களா சார்?" என்றாள் பிலோமினா.
"கொடுத்தாச்சு."
கொடுக்கவில்லை.
ஒவ்வொரு கணுவிலும் அரிசிமுனை அளவு
ஏதோ திரண்டுகொண்டிருந்தது.

பதினோராம் நாள். பத்தே முக்கால் பஸ்.
செல்போன் வெளிச்சத்தில் வந்தவள்
நெளிந்த ஒன்றைக் கண்டு துள்ளி
சாக்கடைக் கல்லில் விழுந்தாள்.
வெறும் தண்ணிப்பாம்பு.
முழங்கை தோல் உரிந்து ரத்தம்.
சாப்பிட்ட கையோடு அடுப்படியில் நின்று
அவள் சத்தத்தைக் கேட்டேன்.

மறுநாள் லைன்மேனைக் கையோடு கூட்டிவந்தேன்.
பிறகு, காலி யூரியா சாக்குகள் நாலைப் பிரித்து
கோணி ஊசியால் ஒட்டுப்போட்டேன்.
மாலை ஆறுக்குக் கிரிலில் தொங்கவிடுவேன்.
விடிகாலை ஐந்துக்குச் சுருட்டுவேன்.
பார்க்கிறவர்கள் மழைக்கு என்று நினைத்தார்கள்.

கார்த்திகை மூன்றாம் தேதி சாக்கைச் சுருட்டினால்
நாற்பத்தொரு பூ.
இரண்டு முறை எண்ணினேன்.
இரண்டாம் முறை நாற்பத்திரண்டு.

ஆறு மணிக்கு நைட் டூட்டி முடித்து வந்தாள்,
முழங்கையில் பழுப்பேறிய பிளாஸ்திரி.
நின்று பார்த்தாள்.
"அந்தக் கம்ப்ளைன்ட்," என்றேன்,
"நான் கொடுக்கவே இல்லை."
"தெரியும்.
லைன்மேன் சம்சாரம் எங்க வார்டுலதான் இருந்துச்சு."

ஒரு பூவின் விளிம்பை விரலால் நிமிர்த்தினாள்.
மணியடித்துக் கேட் இறங்கிக்கொண்டிருந்தது.
"விதை முத்தினா எனக்கு நாலு எடுத்து வைங்க.
எங்க வாசப்பக்கம்
எப்பவும் வெளிச்சம் வந்ததே இல்ல."